மொன்தெவெர்தியின் ‘வெஸ்பர்ஸ்’: தேவாலயம் முதல் வானொலி வரை

வெஸ்பர்ஸ் (1610) என்பது இத்தாலிய இசையமைப்பாளர் கிளாவ்தியோ மொன்தெவெர்தி (1567–1643) கன்னி மரியாவின் திருநாள் மாலை வழிபாட்டுக்கென அமைத்து, வெனிஸ் நகரில் அச்சிட்டு வெளியிட்ட சேர்ந்திசைத் தொகுப்பு. தொடக்க பரோக் காலத்துச் சேர்ந்திசையில் இன்று அதிகம் மேடையேறுவனவற்றில் இதுவும் ஒன்று. முழுவதும் பாட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். மொன்தெவெர்தி உயிரோடிருந்தபோது இது முழுமையாகப் பாடப்பட்டதைச் சொல்லும் ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. அச்சான ஏடுகள் நூலகங்களில் உறங்கி, 20-ஆம் நூற்றாண்டில்தான் கச்சேரி அரங்குக்கும் வானொலிக்கும் வந்து சேர்ந்தன. ஆகவே இதன் வரலாற்றில் பெரும்பகுதி இயற்றியவரின் வரலாறாக இல்லாமல், கேட்டவர்களின் வரலாறாக இருக்கிறது. தேவாலயத் தூண்களுக்கிடையே அமர்ந்தவரும், அரங்கில் நின்றவரும், வானொலிப் பெட்டியருகே காத்திருந்தவரும் ஒரே ஏட்டிலிருந்து வெவ்வேறு இசையைக் கேட்டிருக்கிறார்கள்.

வழிபாட்டின் அமைப்பு

கத்தோலிக்கத் திருச்சபை ஒரு நாளைப் பல வேளைகளாகப் பகுத்துச் செபிக்கிறது. பொழுது சாயும் நேரத்துச் செபத்துக்கு லத்தீன் மரபில் வெஸ்பர்ஸ் என்று பெயர். தமிழ்க் கத்தோலிக்கர் மாலைப் புகழ் என்பர். மொன்தெவெர்தியின் காலத்தில் பெருவிழா நாள்களில் ஐந்து திருப்பாடல்கள், ஒரு பாசுரம், இறுதியில் மரியாவின் புகழ்ப்பாடல் என்பது முறை. ஒவ்வொரு திருப்பாடலுக்கும் முன்னும் பின்னும் அந்தத் திருநாளுக்குரிய முன்மொழி ஒன்று வரும்.

மொன்தெவெர்தி மரியாவின் திருநாள்களுக்குரிய 110, 113, 122, 127 ஆகிய திருப்பாடல்களையும் 147-ஆம் திருப்பாடலின் பிற்பகுதியையும் எடுத்துக்கொண்டார். ஆறு குரல், எட்டுக் குரல், பத்துக் குரல் என்று குரல்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே போகும். ஆனால் எல்லாவற்றின் அடியிலும் பழைய ஒற்றைக்குரல் வழிபாட்டு மெட்டு நூல்போல ஓடுகிறது. மேலே குரல்கள் எவ்வளவு துள்ளினாலும் ஏதாவது ஒரு குரல் அந்த மெட்டை விடாமல் பிடித்திருக்கும். திருப்பாடல்களுக்கு இடையில் ஒருவரோ, இருவரோ, சிறு குழுவோ பாடும் நான்கு பாடல்களையும், பாசுரத்துக்கு முன்னால் வாத்தியங்கள் முன்னிற்கும் ஒரு சொனாட்டாவையும் அவர் சேர்த்தார். இந்த இடைப்பாடல்கள் வழிபாட்டு முறையில் இல்லாதவை. எனவே இவற்றை எங்கே வைப்பது, சேர்ப்பதா விடுவதா என்பது பின்னாளில் பெரும் விவாதமாயிற்று.

அச்சேறிய சூழல்

1590-ஐ ஒட்டி மொன்தெவெர்தி இத்தாலியின் மாந்துவா நகர அரசவையில் வேலைக்குச் சேர்ந்தார். 1607-இல் அவருடைய இசை நாடகம் ‘ஓர்ஃபியோ’ அங்கே அரங்கேறியது. அதே ஆண்டில் மனைவி இறந்தார். மறு ஆண்டு அரச குடும்பத் திருமணத்துக்காக ஓய்வின்றி உழைத்து உடலும் மனமும் சோர்ந்தார். மாந்துவாவை ஆண்ட கொன்சாகா கோமகன் வேலை வாங்கிய அளவுக்குக் கூலி தரவில்லை என்ற மனக்குறை அவருடைய கடிதங்களில் வெளிப்படையாகவே தெரிகிறது.

வேறிடம் தேட அவருக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அதுவாக அமைந்தது இந்த நூல். வெனிஸின் ரிச்சார்தோ அமாதினோ அச்சகம் வெளியிட்ட இதைத் திருத்தந்தை ஐந்தாம் பவுலுக்குக் காணிக்கையாக்கினார். காணிக்கையுரை 1610 செப்டம்பர் 1 தேதியிட்டது. பழைய பாணியில் அமைந்த ஆறு குரல் திருப்பலி இசை ஒன்றும் அதே நூலில் இருக்கிறது. ‘பழையதும் வரும், புதியதும் வரும்’ என்று ஒரே நூலில் காட்டும் உத்தி அது. அந்த இலையுதிர் காலத்தில் அவர் ரோமுக்கும் போனார். மகனுக்கு அங்கே குருமடத்தில் இலவச இடம் கேட்டார், கிடைக்கவில்லை.

1612-இல் புதிய கோமகன் அவரை வேலையிலிருந்து நீக்கினார். 1613 ஆகஸ்டில் வெனிஸின் புனித மாற்குப் பேராலயம் அவரைத் தலைமை இசைஞராக நியமித்தது. ஆண்டுச் சம்பளம் 300 டுகாட். பொருள்களோடு வெனிஸுக்குப் போகும் வழியில் கொள்ளையர் மறித்துப் பணத்தைப் பறித்துக்கொண்டார்கள். மீதமிருந்த 30 ஆண்டுகளை அவர் அந்த நகரிலேயே கழித்தார்.

1610 பதிப்பில் முழு இசையையும் ஒரே பக்கத்தில் காட்டும் பிரதி கிடையாது. ஒவ்வொரு குரலுக்கும் தனி ஏடு. மொத்தம் எட்டு ஏடுகள். டெனர் என்ற ஆண்குரல் வகையைப் பாடுகிறவர் கண்ணில் டெனர் வரி மட்டுமே படும். ஆர்கன் வாசிப்பவரின் ஏட்டில் சில பகுதிகளுக்கு மட்டும் கூடுதல் வரிகள் உண்டு. எட்டு ஏடுகளும் எட்டுப் பேர் கையில் விரிந்து ஒன்றாக ஒலித்தால்தான் அந்த இசை இசையாகும். கேட்காமல் அறிய வழியில்லை.

காதுக்கு எட்டும் சில இடங்கள்

தொடக்கமே வியப்பு. ஒரே குரல் கடவுளைத் துணைக்கு அழைக்கிறது. உடனே பாடகர் குழு முழுவதும் ஒரே சுரக்கட்டில் அசையாமல் நின்று சொற்களை ஓதுகிறது. சுற்றிலும் வாத்தியங்கள் ‘ஓர்ஃபியோ’ நாடகத்தின் தொடக்க முழக்கத்தை எடுத்து ஆர்ப்பரிக்கின்றன. அரண்மனையில் திரை விலகும் முன் ஒலித்தது இங்கே செபத்தின் வாசலில் ஒலிக்கிறது.

மூன்று டெனர்கள் பாடும் இடைப்பாடல் ஒன்று உண்டு. இறைவாக்கினர் எசாயா கண்ட காட்சியில் இரு வானதூதர்கள் ஒருவரையொருவர் விளித்துப் பாடுவதால், முதலில் இருவர் மட்டுமே பாடுகிறார்கள். மூவொரு கடவுளைப் பற்றிய வரி வந்ததும் மூன்றாமவர் சேர்ந்துகொள்கிறார். மூவரும் ஒன்றே என்னும் சொல்லில் மூன்று குரல்களும் ஒரே சுரத்தில் வந்து ஒட்டுகின்றன. இடையே ஒரே சுரத்தைத் தொண்டையால் வேகமாகத் தட்டித் தட்டி எழுப்பும் அக்கால இத்தாலிய அலங்காரம் மிகுதியாக வருகிறது. அதைத் துல்லியமாகச் செய்யத் தனிப் பயிற்சி வேண்டும்.

இன்னொரு பாடல் எதிரொலியில் கட்டப்பட்டது. டெனர் வானத்தை நோக்கி, என் சொல்லைக் கேள் என்று வேண்டுகிறார். ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லும் தொலைவிலிருந்து திரும்பி வருகிறது. ஆனால் முன்னெழுத்து உதிர்ந்து, வேறு பொருளோடு வருகிறது. ‘மகிழ்ச்சியால்’ என்று பொருள்படும் ‘காவ்தியோ’ என்ற லத்தீன் சொல்லைப் பாடினால், ‘ஆவ்தியோ’ என்று மறுமொழி கேட்கிறது. அதற்கு ‘கேட்கிறேன்’ என்று பொருள். நாம் நாள்தோறும் சொல்லும் ‘ஆடியோ’வும் இதே வினையடியில் பிறந்ததுதான். விடை சொல்பவர் எங்கோ மறைந்து நிற்க வேண்டும். அவர் நிற்கும் இடம்தான் அந்தப் பாடலின் உயிர்.

சொனாட்டாவில் எட்டு வாத்தியங்கள் தாள நடையை மாற்றி மாற்றி விளையாடும்போது, மேல்குரல் ஒன்று மரியாவை வேண்டும் ஒரே சிறு மெட்டை 11 முறை பாடுகிறது. மெட்டு மாறுவதில்லை, அது வந்து விழும் இடமும் கால அளவும்தான் மாறுகின்றன. முதல்முறை கேட்பவர்கூட, அடுத்து எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.

அக்காலக் காதுகள்

அன்றைய வெனிஸில் இத்தகைய இசையைக் கேட்ட இரு அயல்நாட்டார் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயப் பயணி தாமஸ் கோர்யட் 1608-இல் புனித ரோக்கு திருநாளன்று அப்புனிதர் பெயரிலான சபையின் மண்டபத்தில் அமர்ந்திருந்தார். மாலை ஐந்து மணியளவில் தொடங்கிய இசை எட்டு மணி வரை நடந்தது. பாடகர்கள் சில வேளை பதினாறு, இருபது பேர். வாத்தியக்காரர்கள் சில வேளை அதே எண்ணிக்கை. பழைய ட்ரம்போன் பத்து, கொர்னெட்டோ என்ற மரக்குழல் நான்கு, மிகப் பெரிய வயலா இரண்டு என்று அவர் எண்ணிக் குறித்திருக்கிறார். ஏழு ஆர்கன்கள் வரிசையாக நின்று சேர்ந்து ஒலித்ததையும் எழுதியிருக்கிறார். ஒரு பாடகரின் உச்சக் குரலைக் கேட்டு, அவர் காயடிக்கப்பட்டவராக இருப்பார் என்று முதலில் எண்ணியதாகவும், பார்த்தால் அவர் சுமார் நாற்பது வயது ஆள் என்றும் சொல்கிறார். 1611-இல் அச்சான அவருடைய பயண நூலில் இவை உள்ளன.

1620 ஜூன் 24-ஆம் நாள், புனித திருமுழுக்கு யோவான் திருநாள் மாலை வழிபாட்டில், டச்சுத் தூதுக்குழுவோடு வந்திருந்த இளைஞர் கான்ஸ்டன்டைன் ஹாய்கென்ஸ் மொன்தெவெர்தியே நடத்திய இசையைக் கேட்டார். வாழ்நாளில் இதைவிட நிறைவானதைக் கேட்கப்போவதில்லை என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். தியோர்போ என்ற நீண்ட கழுத்து லூட் வாத்தியங்கள், கொர்னெட்டோக்கள், பெரிய அடிக்குரல் வயலா, ஆர்கன் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறித்தார்.

இருவர் குறிப்பிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் முதலில் எண்ணினார்கள்: எத்தனை பேர், என்னென்ன வாத்தியம். செபம் கேட்க வந்தவர்கள் இசைக் கச்சேரியாகவே அதைக் கேட்டார்கள். வழிபாடும் கச்சேரியும் பிரிந்தது நம் காலத்தில்தான் என்று நினைப்பவர்களுக்கு இவ்விரு பயணிகளின் குறிப்பும் நல்ல மறுப்பு.

மௌனமும் மீட்பும்

17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சுவை மாறிவிட்டது. கொர்னெட்டோவின் வழக்கமும் மங்கியது. வெஸ்பர்ஸின் ஏடுகள் ஒரு சில நூலகங்களில் தங்கின. 1834-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபான் வின்டர்ஃபெல்ட், வெனிஸ் இசையமைப்பாளர் ஜொவான்னி கப்ரியேலியைப் பற்றிய தம் நூலில் இதைக் கவனப்படுத்தினார். கண்ணுக்குக் கிடைத்ததே தவிரக் காதுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இத்தாலிய இசையமைப்பாளர் ஜான் பிரான்செஸ்கோ மலிப்பியெரோ, மொன்தெவெர்தியின் படைப்புகள் அனைத்தையும் பதிப்பிக்கும் பணியை 1926-இல் தொடங்கினார். அதன் 14-ஆம் தொகுதியாக 1932-இல் வெஸ்பர்ஸ் வெளிவந்தது. எட்டு ஏடுகளாகப் பிரிந்து கிடந்தது ஒரே பக்கத்தில் அடுக்கப்பட்டதும் இயக்குநர்கள் அதைக் கையில் எடுக்க முடிந்தது. ஹான்ஸ் ரெட்லிக் தற்கால வாத்தியங்களுக்கேற்ப ஒரு பதிப்பைத் தயாரித்தார். சில பகுதிகளை விட்டும் வரிசையை மாற்றியும் அமைந்த அது 1935-இல் சூரிக் நகரில் ஒலித்தது.

இங்கிலாந்துக்கு இதைக் கொண்டு சேர்த்தவர் வால்டர் கேர். பெர்லினில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கிடம் பயின்றவர். அங்கே வானொலி இசைக்குழுவை இயக்கியவர். லண்டனுக்கு வந்து இசைத்தட்டு நிறுவனத்திலும் பிபிசியிலும் பணியாற்றினார். இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் இசைத்துறையை நடத்திய மார்லி கல்லூரியின் பாடகர் குழுவை வைத்து 1946-இல் லண்டனில் வெஸ்பர்ஸை அரங்கேற்றினார். மார்லி கல்லூரி போரில் குண்டு விழுந்து சிதைந்த இடம். அந்தக் கல்லூரிக் குழுவோடு, ஒலிபரப்பில் கைதேர்ந்த ஒருவர் நடத்திய நிகழ்ச்சி இது.

1952-இல் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக இசைஞர்களை வைத்து இயக்கியது இதன் முதல் ஒலிப்பதிவாகக் கருதப்படுகிறது. மறு ஆண்டு அந்தனி லூயிஸ் இங்கிலாந்தில் இசைத்தட்டு வெளியிட்டார். 1953-இல் வந்த லியோ ஷ்ராடேயின் பதிப்பு, அச்சில் இருந்த வரிசையையே தொடர்ந்து பாட வேண்டிய ஒரே முழுப்படைப்பாக வெஸ்பர்ஸை முன்வைத்தது. 1961-இல் டெனிஸ் ஸ்டீவன்ஸ் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனார். இடைப்பாடல்களை நீக்கிவிட்டு, வழிபாட்டு முன்மொழிகளைச் சேர்த்தார். அந்தப் பத்தாண்டில் வெஸ்பர்ஸ் என்று விளம்பரம் பார்த்து நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு, மூன்று டெனர்களின் பாடல் அன்றைக்கு இருக்குமா இருக்காதா என்பது அரங்குக்குள் போன பிறகுதான் தெரிந்திருக்கும்.

வானொலி தந்த இடம்

இசைக்குப் பெரும் செலவு, கூட்டமோ நிச்சயமில்லை. இந்த நிலையில் பழைய இசைக்குப் புரவலராக நின்றது பொதுத்துறை வானொலி. பிபிசி 1946 செப்டம்பர் 29-இல் ‘மூன்றாம் நிகழ்ச்சி’ என்ற மாலை அலைவரிசையைத் தொடங்கியது. குறித்த நேரத்தில் செய்தி வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. நீண்ட படைப்புகளை வெட்டாமல் ஒலிபரப்பலாம். தொடக்க இரவிலேயே உச்சஸ்தாயிப் பாடகர் ஆல்ஃபிரட் டெல்லர், ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்செல்லின் இசையைப் பாடினார். ஆணின் உச்சஸ்தாயிக் குரலுக்கு அன்றைய நேயர்களின் காது பழகத் தொடங்கியது இப்படித்தான்.

பிரிட்டனில் இதற்குத் தொழில்நுட்ப அடித்தளமும் இருந்தது. 1549-ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபைச் செபநூல், மாலைப் புகழையும் இரவுச் செபத்தையும் இணைத்து ‘ஈவன்சாங்’ என்ற ஒரே வழிபாடாக்கியிருந்தது. அதைப் பாடகர் குழுவோடு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து பிபிசி 1926 அக்டோபர் 7-இல் முதன்முதலில் ஒலிபரப்பியது. அந்த நிகழ்ச்சி இன்றும் தொடர்கிறது. கற்கூரையின் கீழ் ஒலிவாங்கியை எங்கே தொங்கவிட்டால் சொல் கேட்கும், எங்கே வைத்தால் கட்டடம் கேட்கும் என்பதை ஒலிப்பொறியாளர்கள் வாரந்தோறும் பழகினார்கள். வெஸ்பர்ஸ் வந்து சேர்ந்தபோது, அதன் வழித்தோன்றலான வழிபாட்டில் பெற்ற அனுபவம் அவர்கள் கையில் இருந்தது.

ஜெர்மனியில் கொலோன் வானொலி இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1954-இல் பழைய முறை வாத்தியங்களை வாசிக்கவே ‘காப்பெல்லா கொலோனியென்சிஸ்’ என்ற சொந்தக் குழுவை அமைத்தது. ஹெர்னே நகரில் பழைய இசைக்கான ஆண்டு விழா 1976 முதல் நடக்கிறது. அதன் கச்சேரிகளையும் அதே வானொலி ஒலிபரப்பி வருகிறது.

தொடக்கத்தில் ஒலிபரப்பு ஒற்றைத் தடம்தான். எதிரொலிப் பாடல் அங்கே முடங்கியது. தொலைவு என்பதைத் தாழ்ந்த குரலாகவும் மங்கலான ஒலியாகவும் மட்டுமே காட்ட முடிந்தது. 1966-இல் பிபிசி ஸ்டீரியோ ஒலிபரப்பை முறையாகத் தொடங்கிய பிறகு, இடப்பக்கக் குழுவும் வலப்பக்கக் குழுவும் எதிரெதிரே நின்று பாடுவதை வீட்டுக் கூடத்தில் கேட்க முடிந்தது. பத்துக் குரல்கள் இரு அணியாகப் பிரிந்து மோதும் 127-ஆம் திருப்பாடல் இதனால் பெரிதும் பயனடைந்தது.

பழைய வாத்தியங்கள் திரும்பியது

முதல் தலைமுறை நிகழ்ச்சிகளில் கொர்னெட்டோவின் வரிகளைத் தற்கால ஊதுகருவிகள் வாசித்தன. கொர்னெட்டோ என்பது சற்றே வளைந்த மரக்குழல். தோல் போர்த்தியிருக்கும், விரல் துளைகள் உண்டு. ஆனால் ஊதும் வாய் ட்ரம்பெட்டுடையது போன்ற சிறு கிண்ணம். மனிதக் குரலுக்கு மிக நெருங்கியது என்று அக்காலத்தார் புகழ்ந்தார்கள்; வாசிக்கக் கடினமானது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓட்டோ ஸ்டெயின்கோஃப், கிறிஸ்டோபர் மங்க் போன்ற கைவினைஞர்கள் அதை மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். வாசிப்பவர்கள் தேர இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

யுர்கென் யுர்கென்ஸ் ஹாம்பர்க் பாடகர் குழுவோடும் நிகொலாஸ் ஹார்னோன்கூரின் வியன்னாக் குழுவோடும் 1960-களின் நடுவில் பதிவு செய்த இசைத்தட்டு, பழைய வாத்தியங்களின் நிறத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. ட்ரம்பெட் பளீரென்று வெட்டிய இடத்தில் கொர்னெட்டோ பாடகரோடு ஒட்டிக்கொண்டு நடந்தது. எது குரல், எது குழல் என்று சில கணம் பிரித்தறிய முடியாத மயக்கம் அப்போதுதான் நேயர்களுக்குக் கிடைத்தது.

கேம்பிரிட்ஜிலிருந்து வெனிஸுக்கு

1964 மார்ச் 5-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில், இருபது வயது மாணவர் ஜான் எலியட் கார்டினர் நண்பர்களைத் திரட்டி வெஸ்பர்ஸை நடத்தினார். அந்த ஒரு மாலைக்காகக் கூடிய குழுவே பின்னர் மொன்தெவெர்தி பாடகர் குழு என்று பெயர் பெற்றது. கல்லூரிப் பாடகர் மரபின் மென்மையான, வழவழப்பான ஒலி மொன்தெவெர்திக்குப் பொருந்தாது, சொல்லுக்குச் சொல் உணர்ச்சி தெறிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

1968-இல் அதே படைப்போடு அவர் லண்டனின் ப்ராம்ஸ் கோடை விழாவுக்கு வந்தார். ராயல் ஆல்பர்ட் அரங்கின் குவிமாடம் ஒலியைத் திருப்பியடிப்பதில் பேர்பெற்றது. கூரையிலிருந்து காளான் வடிவத் தட்டுகளைத் தொங்கவிட்டு அதை அடக்கியது 1969-ஐ ஒட்டித்தான். அரங்கில் ஆயிரக்கணக்கானோர், நடுவில் குறைந்த விலையில் சீட்டு வாங்கிக்கொண்டு நின்றே கேட்கும் கூட்டம், ப்ராம்ஸ் கச்சேரிகளை நேரடியாகக் கொண்டுபோகும் பிபிசி வானொலியின் நேயர்கள் வெளியே. மாந்துவா அரண்மனையின் ஓர் ஆலயத்தில் அடங்கியிருக்கக்கூடிய இசை, இப்போது ஒரு நாட்டின் கோடைக்கால வழக்கமாகிவிட்டது.

1989-இல் கார்டினர் வெனிஸின் புனித மாற்குப் பேராலயத்திலேயே வெஸ்பர்ஸை நேரடியாகப் பதிவு செய்தார். காட்சிப் பதிவும் வந்தது. பொன் பதித்த குவிமாடங்களின் கீழே, மாடங்களில் பிரிந்து நின்ற குழுக்கள் பாடிய அந்தப் படம், பலர் மனத்தில் வெஸ்பர்ஸ் என்றாலே புனித மாற்கு என்று பதித்துவிட்டது. மொன்தெவெர்தி இதை அச்சிட்டபோது மாந்துவாவில் இருந்தார். வெனிஸ் வேலை கிடைக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. இயக்குநர் ஜோர்டி சவாய் 1988-இல் தம் பதிவுக்கு மாந்துவா அரண்மனையின் புனித பார்பரா ஆலயத்தைத் தேர்ந்தெடுத்தது இதை நினைவில் வைத்துத்தான் என்று கொள்ளலாம். ஒரு கட்டடத்தின் அழகு ஒரு படைப்பின் பிறந்த ஊரையே காதுகளில் மாற்றிவிடும் என்பதற்கு வெஸ்பர்ஸ் எடுத்துக்காட்டு.

சர்ச்சைகள்

1984-இல் இயக்குநர் ஆண்ட்ரூ பாரட், 147-ஆம் திருப்பாடலும் மரியாவின் புகழ்ப்பாடலும் எழுதப்பட்டிருக்கும் சுரக்குறிகள், நான்கு சுரம் கீழிறக்கிப் பாடச் சொல்லும் அக்கால வழக்கக் குறிப்பு என்று வாதிட்டார். அதன்படியே பதிவும் வெளியிட்டார். அதுவரை கேட்டவர்களுக்குப் புகழ்ப்பாடல் என்றால் விண்ணைத் தொடும் மேல்குரலும் அதோடு போட்டியிடும் கொர்னெட்டோவும்தான். இறக்கிப் பாடியபோது பளபளப்பு குறைந்தது; மற்றத் திருப்பாடல்களோடு ஒத்த நிதானமும் கனமும் வந்தது. ஆய்வாளர்களில் பலர் ஏற்றுக்கொண்டனர். பழகிய உச்சத்தை இழக்க மனமில்லாத இயக்குநர்கள் பழைய வழியிலேயே நடத்தினார்கள்.

அடுத்த கேள்வி எத்தனை பேர் என்பது. ஒரு வரிக்கு ஒருவர் போதும் என்ற கருத்தை ஜோஷுவா ரிஃப்கின் 1981-இல் பாக் இசைக்காக முன்வைத்தார். பாரட் அதே நோக்கில் வெஸ்பர்ஸையும் பெரும்பாலும் தனிக்குரல்களால் பாட வைத்தார். நூறு பேர் பாடிய இசை பத்துப் பேரிடம் வந்தபோது, ஆல்பர்ட் அரங்கில் பின்வரிசைக்கு எட்டுவது சிரமமாயிற்று. ஒலிவாங்கிக்கோ அது வசதியாயிற்று. மூன்றாவது கேள்வி இடைப்பாடல்களின் இடம். அவை முன்மொழிகளுக்கு மாற்றாக நிற்பவை என்று ஸ்டீபன் போன்டா 1967-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, அவற்றை நீக்கும் வழக்கம் மெல்ல ஒழிந்தது.

ஒலிவாங்கி கொடுப்பதும் எடுப்பதும்

கிங்ஸ் சிற்றாலயம் சுமார் 88 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். ஒரு முனையில் பாடுவது மறுமுனைக்குப் போய்ச் சேரக் கால் நொடி ஆகும். வேகமான நடையில் கால் நொடி என்பது ஒரு முழுச் சுரம். எனவே எட்டத்தில் நிற்கும் பாடகர் காதை நம்பிப் பாடினால் பின்தங்குவார். இயக்குநரின் கையைக் கண்ணால் பார்த்து, காதில் விழுவதைப் பொருட்படுத்தாமல் முன்கூட்டியே பாட வேண்டும். மாடத்தின் மறைவில் நிற்பவருக்கு இயக்குநரைக் காட்டச் சிறு திரை வைப்பதும் உண்டு.

ஒலிபரப்பில் இன்னொரு கணக்கு சேர்கிறது. இயக்குநரின் தலைக்கு மேல் தொங்கும் முதன்மை ஒலிவாங்கிகளே மொத்த வடிவத்தைத் தருகின்றன. தியோர்போ போன்ற மெல்லிய வாத்தியங்களின் அருகே தனி ஒலிவாங்கி வேண்டும். இல்லையென்றால் பாடகர் குழுவில் மூழ்கிவிடும். அருகிலிருப்பது பிடிக்கும் ஒலி, மேலே இருப்பதைவிட ஒரு நூலிழை முந்தி வந்துவிடும். ஆகவே பொறியாளர் அதைச் சில மில்லிநொடிகள் தாமதப்படுத்தி ஒட்டுகிறார். கூரையருகே வைத்த ஒலிவாங்கிகள் கட்டடத்தின் ஒலித்தேக்கத்தைக் கொடுக்கின்றன. அதை எவ்வளவு கலப்பது என்பதில்தான் சுவை இருக்கிறது.

இதனால் வீட்டில் கேட்பவருக்கு ஒரு லாபமும் ஒரு நட்டமும். மூன்று டெனர்களின் தொண்டை அலங்காரம் ஆலயத்தின் பின்வரிசையில் ஒரே நடுக்கமாகக் குழம்பிப் போகும். வானொலியில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியே விழும். தூண்கள் விழுங்குவதை ஒலிவாங்கி மீட்டுத் தருகிறது. எதிரொலிப் பாடலிலோ நிலைமை தலைகீழ். ஆலயத்தில் இருப்பவருக்கு முதுகுக்குப் பின்னால், எதிர்பாராத இடத்திலிருந்து மறுமொழி வரும். தலை தானாகத் திரும்பும். இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு முன் அமர்ந்தவருக்குப் பின்பக்கம் என்ற ஒன்றே இல்லை.

இன்றைய நிலை

2010-இல் வெஸ்பர்ஸ் அச்சாகி 400 ஆண்டு நிறைந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கார்டினர் மீண்டும் ஆல்பர்ட் அரங்கில் அதை நடத்தினார். 2014 மார்ச் 5-இல், முதல் நிகழ்ச்சிக்குச் சரியாக 50 ஆண்டுகள் கழித்து, கிங்ஸ் சிற்றாலயத்துக்குத் திரும்பினார். பிபிசி ரேடியோ 3 நேரடியாக ஒலிபரப்பியது. மொன்தெவெர்தி பிறந்த 450-ஆம் ஆண்டான 2017-இல் பிரெஞ்சு இயக்குநர் ரஃபாயேல் பிஷோனின் பிக்மாலியன் குழு ஆம்ஸ்டர்டாமில் பழைய எரிவாயுக் கிடங்கு ஒன்றில் இதை நாடகக் காட்சியாக நிகழ்த்தியது. அதே கோடையில் ப்ராம்ஸிலும் பாடியது.

இணையத்தில் நிகழ்ச்சிகளைப் பிறகு கேட்கும் வசதி வந்தபின், நேரடி ஒலிபரப்பு என்பதன் பொருளும் இளகிவிட்டது. முன்பு அந்த மாலை, அந்த மணிக்கு வானொலி முன் இருந்தவர் மட்டுமே கேட்டார். இப்போது ஒருவர் பாரட்டின் இறக்கிய புகழ்ப்பாடலையும் கார்டினரின் உயர்ந்த புகழ்ப்பாடலையும் ஒரே இரவில் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடலாம். 1946-இல் ஒரு நாட்டுக்கே ஒரு வெஸ்பர்ஸ்தான் இருந்தது. இன்று ஒவ்வொரு நேயரிடமும் நாலைந்து இருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வேலை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒத்திகைக்கு வரும் இயக்குநர் எதிரொலிப் பாடகரை அழைத்து, மாடத்தில் ஒருமுறை, தூணுக்குப் பின்னால் ஒருமுறை, வாயிற்கதவருகே ஒருமுறை என்று நிற்க வைத்துப் பாடச் சொல்கிறார். தாமே காலி இருக்கைகளுக்கு நடுவே நடந்து கேட்கிறார். ஒலிபரப்பு இருந்தால் பொறியாளரும் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்கிறார். மகிழ்ச்சி என்ற சொல் போய், ‘கேட்கிறேன்’ என்று திரும்பி வரும் இடம் இருவருக்கும் சரியென்று பட்டதும், பாடகர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஓர் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டப்படுகிறது.